ருமேனிய வாஸர்-10: மலிவு எதில், உறுதி எதில்?

வாசகர் கேள்வி, 2022 அக்டோபர் 8

ஏ.கே. வகைத் துப்பாக்கிகளிலேயே வாஸர்-10தான் கடைசித் தரம் என்று நான் படித்த இடமெல்லாம் எழுதியிருக்கிறது. குழல் முனையிலுள்ள முன்குறி சாய்ந்திருக்கும், தோட்டாக்களை அடுக்கும் மேகசின் ஆடும், மரத்தில் சிராய் நிற்கும் என்கிறார்கள். ஒரு காலத்தில் 350 டாலருக்கு விற்ற பொருளை இன்று ஆயிரத்தை ஒட்டிய விலைக்கு விற்கிறார்கள். வைத்திருந்து சுட்டவர்கள் யாராவது இது எவ்வளவு காலம் உழைக்கும் என்று சொல்லுங்கள்.

2022 அக்டோபர் 9

டெக்சஸில் வசிக்கும் நான் பல ஆண்டுகளாக வாஸர்-10 வைத்திருக்கிறேன். நண்பர்கள் சிலருடையதையும் சுட்டிருக்கிறேன். நீங்கள் அடுக்கிய குறைகள் பலருடைய துப்பாக்கிகளில் இருந்தவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவை அனைத்தும் கண்ணுக்குத் தெரிகிற இடங்களில் இருப்பவை என்பதைக் கவனியுங்கள். தோட்டா வெடிக்கும்போது எழுகிற அழுத்தத்தைத் தாங்குபவை முக்கியமாக மூன்று உறுப்புகள்: குழல், குழலின் பின்முனையைப் பிடித்திருக்கும் ட்ரன்னியன், அந்த ட்ரன்னியனில் பூட்டிக்கொள்ளும் போல்ட். இந்த மூன்றைப் பற்றியும் வாஸர் உரிமையாளர்கள் குறைசொல்லி நான் கேட்டது மிக அரிது.

காரணம் அது பிறந்த இடம். ருமேனியாவின் ஆல்பா மாவட்டத்தில், டிரான்சில்வேனியாவில் இருக்கிறது குஜிர் என்னும் சிற்றூர். 1799இல் இரும்பாலையாகத் தொடங்கிய தொழிற்சாலை அங்கே இன்றும் இயங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரிட்சா என்னும் துணை இயந்திரத் துப்பாக்கியைச் செய்த அதே ஆலை, 1960களில் சோவியத் ஏ.கே.எம். வடிவத்தைத் தழுவி பி.எம். மாடல் 63ஐச் செய்யத் தொடங்கியது. முன்பிடியின் கீழே கைக்கு அடங்குகிற மரப்பிடி ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தத் துப்பாக்கிதான். அதே ஆலையிலிருந்து ருமேனிய வீடுகளுக்குத் தையல் இயந்திரங்களும் சலவை இயந்திரங்களும்கூடப் போயிருக்கின்றன. வாஸர்-10 அந்த இராணுவத் துப்பாக்கியின் ஒற்றைச் சுடல் வடிவம், அதாவது ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டும் வெடிக்கும். குழலை இராணுவத்துக்குச் செய்கிற முறையிலேயே செய்கிறார்கள்: உள்ளே அச்சுக் கம்பியைச் செருகி, வெளியே இருந்து இயந்திரச் சுத்தியல்களால் குளிர்நிலையில் அடித்துச் சுழல்வரிகளை உருவாக்கி, பிறகு உட்புறத்துக்குக் குரோம் முலாம் பூசுகிறார்கள். பார்வைக்கு அழகான, இதைவிட விலை கூடிய வேறு சில துப்பாக்கிகளில் இந்த முலாம் இல்லை.

ஆகவே நீங்கள் கேட்ட உழைப்புக்கு என் பதில், உங்கள் பயன்பாட்டுக்கு அது நெடுங்காலம் தாங்கும் என்பதே. முன்குறி நேராக இருக்குமா என்பது தனிக் கேள்வி. அதைத் துப்பாக்கிக்குத் துப்பாக்கி பார்த்துத்தான் சொல்ல முடியும்.

2022 அக்டோபர் 9, இரவு

நேராக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, ஒரு கை நீளத்தில் பிடித்து, பின்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். பின்குறி, கேஸ் பிளாக் (வெடிவாயுவைக் குழலிலிருந்து பிஸ்டனுக்குத் திருப்பும் உறுப்பு), முன்குறியின் இரண்டு காதுகள் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுத்து முன்குறியின் ஊசி பொருந்தியிருக்கிற சிறு உருளையைப் பாருங்கள். அது இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தால், சாய்வை ஈடுகட்ட யாரோ அதைத் தள்ளியிருக்கிறார்கள் என்று பொருள்.

2022 அக்டோபர் 16

"கொஞ்சம் சாய்ந்தால் என்ன, பக்கவாட்டில் சரிசெய்துகொள்ளலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்கைப் பார்த்துவிடுவோம். ஏ.கே.எம்.மில் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே 378 மி.மீ. தூரம். எனவே முன்குறி ஊசி பக்கவாட்டில் 1 மி.மீ. நகர்ந்தால், 100 மீட்டரில் தோட்டா விழும் இடம் 26 செ.மீ. நகரும். குழலின் மையத்திலிருந்து ஊசி நுனி சுமார் 5 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. முன்குறி ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் நுனி ஏறக்குறைய 0.9 மி.மீ. விலகிவிடும், 100 மீட்டரில் அது 23 செ.மீ. ஆகிவிடும். ஒரு பாகையை உருளையைத் தள்ளி ஈடுகட்டலாம், சுடுவதற்கு இடைஞ்சல் இல்லை. மூன்று பாகை என்றால் உருளை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் போனால் தள்ள இடமே இருக்காது.

முன்குறியும் கேஸ் பிளாக்கும் குழலின் மேல் இறுக்கமாக ஏற்றப்பட்டு, குறுக்கே ஆணி அடித்து நிறுத்தப்பட்டவை. சாய்வை நேராக்க வேண்டுமானால் ஆணியை அகற்றி, சுழற்றி, சற்றுப் பெரிய துளையிட்டுப் புதிய ஆணி அடிக்க வேண்டும். கைதேர்ந்த துப்பாக்கிப் பழுதுநீக்குநருக்கு இது பெரிய வேலையன்று. ஆனாலும் புதுப் பொருளுக்கு ஏன் அந்தச் செலவு? நான் வாங்கியபோது கடைக்காரர் பின்னறையிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். எல்லாவற்றையும் விளக்கின் அடியில் பிடித்துப் பார்த்து, நேராக நின்ற ஒன்றை எடுத்துக்கொண்டேன். வரிசையில் நின்ற மற்றவர்கள் சலித்துக்கொண்டது காதில் விழுந்தது. ஆயினும் அந்தப் பொறுமைக்கு உரிய பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன்.

முன்குறியைவிடக் கேஸ் பிளாக்கின் சாய்வை நான் கடுமையாகப் பார்ப்பேன். முன்குறி சாய்ந்தால் குறி மட்டும் தவறும். கேஸ் பிளாக் சாய்ந்தால் பிஸ்டன் அதன் சுவரில் உரசத் தொடங்கும். பிஸ்டனை வெளியே எடுத்து, தலைப்பகுதியில் ஒரே பக்கம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

2022 அக்டோபர் 30

மேகசின் ஆட்டத்துக்கு வருகிறேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதற்குத்தான் பொருந்தும். ருமேனியத் தொழிலாளிக்கு மேகசின் வாயைச் சரியாக வெட்டத் தெரியாது என்று எழுதுகிறவர்கள் அமெரிக்கச் சட்டத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

1989இல் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் ஆட்சியில், விளையாட்டுப் பயன்பாட்டுக்கு உரியவையல்ல என்று கருதப்பட்ட பகுதி-தானியங்கித் துப்பாக்கிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 1994 செப்டம்பரில் இவ்வகைத் துப்பாக்கிகள் மீது வந்த கூட்டாட்சித் தடை 2004 செப்டம்பர் 13 வரை நீடித்தது. அது காலாவதியான பின்னும் இறக்குமதி விதி மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் வாஸர்-10, ஒற்றை வரிசையில் 10 தோட்டா பிடிக்கும் ஒல்லியான மேகசினுக்கான குறுகிய வாயோடு அமெரிக்காவுக்குள் வந்தது. இறக்குமதி செய்த செஞ்சுரி ஆர்ம்ஸ் நிறுவனம் இங்கே அந்த வாயை அகலப்படுத்தி, வழக்கமான 30 தோட்டா மேகசின் நுழையும்படி செய்தது. பட்டியலிடப்பட்ட 20 உறுப்புகளில் பத்துக்கு மேல் வெளிநாட்டுத் தயாரிப்பாக இருக்கக் கூடாது என்ற விதிக்காக விசைத் (டிரிக்கர்) தொகுதி முதலியவற்றையும் இங்கேதான் மாற்றினார்கள்.

இராணுவ ஏ.கே.எம்.மின் ரிசீவரில் (உறுப்புகளைத் தாங்கும் தகட்டுக் கூட்டில்), மேகசின் வாய்க்கு மேலே இரு பக்கமும் ஒரு குழிவு அழுத்தப்பட்டிருக்கும். உள்ளே புடைத்து நிற்கும் அந்தக் குழிவுதான் மேகசினைப் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கிறது. வாஸர்-10இல் அது இல்லை. அதற்கு முன்பு வந்த ருமேனியத் துப்பாக்கியான எஸ்.ஏ.ஆர்.-1இல் இருந்தது, அனுபவசாலிகள் இன்றும் எஸ்.ஏ.ஆர்.-1ஐத் தேடுவதற்கு அது ஒரு காரணம்.

பக்கவாட்டு ஆட்டத்தால் தோட்டா ஊட்டுவதில் தடங்கல் வந்ததாக என் அனுபவத்தில் இல்லை. மேகசினின் முன்மூக்கும் பின்கொக்கியும் பிடிக்கும் உயரமே ஊட்டலைத் தீர்மானிக்கிறது. மேலும் கீழுமாக ஆடினால்தான் கவலைப்பட வேண்டும்.

2022 நவம்பர் 12

விசையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் முழுமையாகாது. 2000களின் தொடக்கத்தில் விற்ற சிலவற்றில், ஒவ்வொரு முறை சுடும்போதும் விசை திரும்பி விரலை அறையும். போல்ட்டைத் தாங்கி ஓடும் போல்ட் கேரியர் பின்னே பாய்ந்து, தோட்டாவை வெடிக்கச் செய்யும் உள்சுத்தியலை மடக்கும்போது, அந்தச் சுத்தியல் இடைக்கொக்கியில் மோதி, அந்த மோதல் விசை வழியாக விரலுக்கு வருகிறது. பத்து முறை சுட்டால் தெரியாது. இரண்டு மூன்று மேகசின்கள் தீர்ந்தபின் ஆள்காட்டி விரலின் முதல் கணு மரத்துப்போய், பேனா பிடிக்கவே கூசும். நண்பர் ஒருவருடைய துப்பாக்கியில் இதை அனுபவித்திருக்கிறேன். டாப்கோ ஜி2 விசைத் தொகுதி பொருத்தப்பட்ட பின் வந்தவற்றில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, என்னுடையதிலும் இல்லை. பழையதை வாங்குகிறவர்கள், சுட்டுப் பார்க்க முடியாவிட்டால், விசைத் தொகுதி எது என்றாவது கேட்டுவிடுங்கள்.

2022 நவம்பர் 13

மரம்: சொரசொரப்புத்தான், ஆனால் நல்ல அடுக்குப் பலகை. உப்புத்தாள் தேய்த்து ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகப் பலமுறை ஏற்றினால், அடுக்குகளின் கோடுகள் செம்பழுப்பாக எழும்பி வரும். உயரமானவர்களுக்குப் பின்கட்டை குட்டை. அது குறையாக இருந்ததில்லை. குளிர்கால உடையின் பருமனையும் சேர்த்துக் கணக்கிட்ட சோவியத் அளவு அது.

2023 ஜனவரி 21

பழைய யுகோஸ்லாவிய எம்67 தோட்டாவைச் சுடலாமா என்று கேட்டவருக்கு: சுடலாம், அன்றே தண்ணீரால் கழுவுவதாக இருந்தால். அந்தத் தோட்டாவின் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. எரிந்தபின் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, அதாவது உப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில் கரையும். குழலுக்குள் குரோம் முலாம் இருப்பதால் வாஸர் இதைத் தாங்கும் என்று பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். முலாம் குழலுக்குள்தான் இருக்கிறது. கேஸ் பிளாக்கின் உட்புறத்தில் இல்லை.

ஹூஸ்டன் பக்கத்து ஈரக்காற்றில் வாழும் நண்பர் ஒருவர், துப்பாக்கிச் சந்தையில் ஒருவரிடமிருந்து பழைய வாஸர் வாங்கினார். குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தபோது கண்ணாடியாக மின்னியது. வீட்டுக்கு வந்து பிஸ்டன் ஓடும் கேஸ் குழாயைக் கழற்றினால், காப்பிப்பொடி நிறத்தில் துருத்தூள் மேசைமேல் கொட்டியது. விற்றவர் வெளிப்புறத்துக்கு எண்ணெய் தடவி வைத்திருந்தாரே ஒழிய, அந்தக் குழாயைப் பல காலமாகத் திறக்கவே இல்லை. குழாயைத் தேய்த்துக் கழுவி, கேஸ் துளையைச் சுரண்டி, பிஸ்டனைத் துடைத்துச் சுட்டோம். ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. நான் முதல் நாள் சொன்ன உறுதிக்கு இது ஒரு சான்று. ஆனால் அந்த உறுதியே பராமரிப்பைத் தள்ளிப்போட வைக்கிறது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். குழல் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். கேஸ் குழாயைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அரை நிமிட வேலைதான். காட்ட மறுத்தால் அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள்.

2023 மார்ச் 5

அக்டோபரில் எழுதியவற்றை ஒருசேரப் படித்துப் பார்த்தேன். உலோகத்தைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. விலையைப் பற்றி மட்டும் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

350 டாலருக்கு விற்றபோது சாய்ந்த முன்குறியைப் பொறுத்துக்கொள்ள ஒரு நியாயம் இருந்தது. மிச்சமான பணத்தில் நேராக்கிக்கொள்ளலாம், இரண்டு பெட்டி தோட்டாவும் வாங்கலாம். அந்த நிலைமை படிப்படியாக மாறியது. சீனத் துப்பாக்கிகளின் வரவு 1994இலேயே நின்றுபோனது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த படுகொலையைத் தொடர்ந்து, புதிய தடை வருமோ என்ற அச்சத்தில் கடைகள் காலியாகி, விலை தாறுமாறாக ஏறியது. 2014 ஜூலையில் ரஷ்யாவின் கலாஷ்னிகோவ் நிறுவனத்தின் மீது பொருளாதாரத் தடை வந்ததும் அதன் சைகா துப்பாக்கிகளின் வரவு நின்றது. 2017 ஜூனில் மற்றொரு ரஷ்ய நிறுவனமான மோலோட் மீது தடை வந்ததும் அதன் வெப்ர் துப்பாக்கிகளும் நின்றன. ஐரோப்பாவில் செய்யப்பட்ட ஏ.கே. வேண்டும் என்பவர்களுக்கு ருமேனியா, செர்பியா, பல்கேரியா என்று ஒரு கைவிரலுக்குள் அடங்குகிற தெரிவுகளே மிஞ்சின. தரம் கூடியதால் ஏறிய விலையன்று இது. போட்டி குறைந்ததால் ஏறியது.

ஆயிரத்தை ஒட்டிய விலை கொடுக்கிறவர் எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே விலையை ஒட்டி செர்பியாவின் ஸஸ்தாவா எம்70 கிடைக்கிறது. அதன் ரிசீவர் தகடு 1.5 மி.மீ. தடிமன், வாஸரின் தகடு 1 மி.மீ. செர்பியக் குழல்களில் முன்பு குரோம் முலாம் இல்லை என்பதே வாஸருக்குச் சாதகமாக இருந்த பெரிய வாதம். 2020 வாக்கிலிருந்து அவற்றிலும் முலாம் வருகிறது. செர்பியத் துப்பாக்கி சற்றுக் கனம். அதன் மரப்பகுதிகளும் மேகசின் தவிர்த்த பல துணைப்பொருள்களும் பொது ஏ.கே.எம். அளவுக்குப் பொருந்தாது. வாஸருக்கு எல்லாம் பொருந்தும், தோளுக்கும் இலேசு. தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் நடக்க வேண்டுமென்றால் நான் இப்போதும் வாஸரைத்தான் எடுப்பேன். ஆனால் கண்ணால் பார்க்காமல், பெட்டியைத் திறக்காமல் அஞ்சலில் வரவழைக்க இன்றைய விலையில் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பிந்தைய ஆண்டுகளில் வந்தவற்றில் முன்குறிகள் முன்பைவிட நேராக வருகின்றன என்று புதிதாக வாங்கிய பலர் எழுதுகிறார்கள். நான் கடைகளில் கையிலெடுத்துப் பார்த்தவையும் அப்படியே இருந்தன.

2023 ஏப்ரல் 22

பி.எஸ்.எல். பற்றி ஒருவர் கேட்டார்: "ருமேனிய டிராகுனோவ் என்கிறார்களே, வாங்கலாமா?"

பி.எஸ்.எல். என்பது சோவியத் தொலைசுடு துப்பாக்கியான டிராகுனோவ் இல்லை. தோற்றத்தில் ஒற்றுமை உண்டு, 7.62×54ஆர் தோட்டாவும் ஒன்றே. உள்ளே இருப்பதோ ஆர்.பி.கே. இலகு இயந்திரத் துப்பாக்கியைப் பெரிதாக்கிய அமைப்பு. பிஸ்டன், கேரியரோடு சேர்ந்து முழுத் தூரமும் ஓடும். டிராகுனோவில் குறுகிய ஓட்டம் கொண்ட தனிப் பிஸ்டன். 1968இல் செக்கோஸ்லோவாக்கியப் படையெடுப்பில் சேர மறுத்த சௌஷெஸ்கு ஆட்சி, மாஸ்கோவைச் சாராமல் ஆயுதம் செய்ய விரும்பிய காலத்தின் விளைவுதான் 1970களில் வந்த இந்தத் துப்பாக்கி.

குழல் நீளம், ஆனால் மெல்லியது. முதல் சில தோட்டாக்கள் நெருக்கமாக விழும். தொடர்ந்து சுட்டால் குழல் சூடேறி, தோட்டாக்கள் இலக்கின் மேல் ஒரு கோடாக நகர்ந்துகொண்டே போகும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று பலர் விற்றுவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் ஆறவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். கனமான வேட்டைத் தோட்டாக்களை இதில் போடாதீர்கள். 148 கிரெய்ன் (சுமார் 9.6 கிராம்) எடையுள்ள குண்டுக்கு வடிவமைக்கப்பட்டது, மேலே போனால் கேரியர் பின்புறத்தில் பலமாக மோதும். கூடவரும் புக்காரெஸ்ட் தயாரிப்பான எல்.பி.எஸ். தொலைநோக்கியின் குறிக்கோடுகள் டிரிட்டியத்தால் ஒளிர்ந்தவை. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு என்பதால் பழையவற்றில் அந்த ஒளி செத்திருக்கும். பகலில் சுடுவதற்கு அது குறையன்று.

2023 ஜூன் 10

சென்ற வாரம் புதிய வாஸரையும் பழைய ஜி.பி. வாஸர்-10/63ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. 10/63 வகை, இராணுவக் கிடங்கில் இருந்த மாடல் 63 உறுப்புகளைக்கொண்டு சேர்க்கப்பட்டது. இரண்டிலும் குஜிர் ஆலையின் முக்கோணத்துக்குள் அம்பு முத்திரை இருந்தது. பழையதன் உறுப்புகள் கைபட்டு மழுங்கிய பட்டுப்போன்ற வழவழப்போடு இருந்தன. கேரியரை இழுத்தால் தங்குதடையின்றிப் பின்னே போனது. புதியதில் இயந்திரக் கத்தி ஓடிய கோடுகள் அப்படியே தெரிந்தன, இழுக்கும்போது மணல் உரசுவது போன்ற உணர்வு. அது சில நூறு தோட்டாக்களில் தேய்ந்து சரியாகிவிடும்.

இதையொட்டி ஜி முத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1968இல் அமைக்கப்பட்ட தேசபக்தக் காவற்படைக்காக மாடல் 63ஐத் தானியங்கிச் சுடல் இல்லாமல் செய்து, ஜி என்று பொறித்துக் கொடுத்தார்கள். அவற்றின் உறுப்புத் தொகுப்புகள் 2000களில் இங்கே மலிவாக விற்றன. குறைவாகச் சுடப்பட்டவை என்பதால் இன்று தேடி வாங்குகிறார்கள்.

2023 ஆகஸ்ட் 19

துல்லியம் எப்படி என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. எஃகு உறைத் தோட்டாவில், இரும்புக் குறிகளோடு, 100 கெஜத்தில் என் துப்பாக்கி ஏறக்குறைய நான்கு அங்குல வட்டத்துக்குள் போடும். பித்தளை உறைத் தோட்டாவில் சற்று நெருங்கும். 2021 செப்டம்பர் முதல் ரஷ்யத் தோட்டாவுக்குப் புதிய இறக்குமதி உரிமம் மறுக்கப்படுவதால், மலிவாகப் பழகிப் பார்க்கும் வழி சுருங்கிவிட்டது. ஓராண்டுக்கான தோட்டாச் செலவையும் சேர்த்து வைத்துக்கொண்டு துப்பாக்கி வாங்குங்கள்.

பழையதா புதியதா என்று கேட்டவருக்கு: இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் 10/63ஐ எடுங்கள். குழலையும் கேஸ் குழாயையும் பார்த்துவிட்டு, போல்ட் முகத்துக்கும் குழலில் தோட்டா அமரும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் அளவியை வைத்துச் சோதித்த பிறகு பணம் கொடுங்கள். அளவி கடைக்காரரிடம் இல்லையென்றால், வெளியே சோதித்துத் தவறாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.